தின் கிளையன்ட் முனையங்களுக்குக் குறியாக்கமும் செஷன் அமைப்புகளும் செய்யும் முறை

தின் கிளையன்டில், அதாவது வேலையெல்லாம் சர்வரில் நடக்க, திரையும் விசைப்பலகையும் மட்டும் மேசையில் இருக்கும் சிறு முனையத்தில், அமர்ந்து வேலை செய்பவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், கடவுச்சொல் உட்பட, வலையமைப்பின் வழியாக சர்வருக்குப் போய், திரைப்படிமமாக மேசைக்குத் திரும்பி வருகிறது. மேசையில் இருக்கும் பெட்டியில் கோப்பு எதுவும் இல்லாததால் அது பாதுகாப்பானது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அந்த அலுவலகத்தின் மொத்த வேலையும் ஒரு கம்பியின் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இரண்டு கேள்விகளுக்கு நாம் விடை வைத்திருக்க வேண்டும். அந்தக் கம்பியில் ஓடுவதை இடையில் இருப்பவர் படிக்க முடியுமா என்பது ஒன்று. மறுமுனையில் இருப்பது நம் சர்வர்தானா என்பதை முனையம் சரிபார்க்கிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கவனிக்கும் அளவுக்கு இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. அதைக் கவனிக்காவிட்டால் முதலாவதற்குச் செய்த வேலையும் வீண்தான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பரவலாக உள்ள ஓர் அமைப்பு: விண்டோஸ் சர்வர் 2019 அல்லது 2022 இல் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் (பலருடைய செஷன்களையும், அதாவது லாகின் செய்த வேலைச்சூழல்களையும், ஓட்டும் சர்வர்), ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (பயனர், கணினிக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு), மேசைகளில் டெல் தின்ஓ.எஸ்., எச்.பி. தின்ப்ரோ, ஐஜெல் போன்ற முனையங்கள், அவற்றுடன் விண்டோஸ் ஐ.ஓ.டி. பதிப்பில் ஓடும் சில பெட்டிகள்.

தொடங்கும் முன்

முனையங்களின் மாடல், அவற்றில் உள்ள ஃபெர்ம்வேர் (முனையத்துக்குள் பதிந்த இயக்க மென்பொருள்) பதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சர்வரில் செய்யும் ஒரே ஒரு மாற்றம் பழைய ஃபெர்ம்வேர் கொண்ட முனையங்கள் அனைத்தையும் ஒரே காலைப்பொழுதில் வெளியே நிறுத்திவிடக்கூடும். சோதனைக்கென ஒரு செஷன் ஹோஸ்டைத் தனி ஓ.யு.வில் (ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) வைத்து, மாடலுக்கு ஒன்றாக முனையங்களை எடுத்து, அவற்றில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவே சர்வருக்குள் நுழைந்து ரிமோட் டெஸ்க்டாப்பின் பாதுகாப்பை மாற்றும் வேலையைச் செய்யாதீர்கள். சர்வரின் நேரடி கன்சோலோ, மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் அதன் ஹோஸ்டின் கன்சோலோ கைவசம் இருக்கட்டும்.

சர்வரில் குறியாக்கம்

டொமைன் கணினிகளுக்கு அமைப்புகளை மையமாக விதிக்கும் குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், செக்யூரிட்டி என்ற வரிசையில் இறங்கினால், நமக்குத் தேவையான மூன்று பாலிசிகள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

முதலாவது, எந்தப் பாதுகாப்பு அடுக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று வரையறுக்கும் 'ரிக்வயர் யூஸ் ஆஃப் ஸ்பெசிஃபிக் செக்யூரிட்டி லேயர்'. இதில் ஆர்.டி.பி., நெகோஷியேட், எஸ்.எஸ்.எல். என்று மூன்று தேர்வுகள் உள்ளன. ஆர்.டி.பி. என்பது ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறையின் சொந்தக் குறியாக்கம். அது பொதுவாக ஆர்.சி.4 என்ற பழைய குறியாக்க முறையைப் பயன்படுத்துகிறது. சர்வரின் அடையாளத்தை அது சரிபார்ப்பதில்லை என்பதால், இடையில் புகுந்தவர் தன்னையே சர்வராகக் காட்டிக்கொள்ள வழியிருக்கிறது. நெகோஷியேட் என்பது கிளையன்ட் டி.எல்.எஸ். (சான்றிதழால் சர்வரின் அடையாளத்தைக் காட்டி, இணைப்பைக் குறியாக்கம் செய்யும் நெறிமுறை) பேசினால் டி.எல்.எஸ்., இல்லையென்றால் பழைய முறை என்று இறங்கிப்போகும். இணைப்பு எப்படியாவது கிடைத்துவிடும் என்பதால் நிறுவும் நாளில் இது வசதியாகத் தோன்றும். ஆனால் எந்த முனையம் எந்த முறையில் இணைந்திருக்கிறது என்பது பிறகு யாருக்கும் தெரியாமல் போகும். டி.எல்.எஸ்.ஸை மட்டுமே ஏற்கும் எஸ்.எஸ்.எல். என்பதையே தேர்ந்தெடுங்கள்; எஸ்.எஸ்.எல். என்பது டி.எல்.எஸ்.ஸின் பழைய பெயர். அந்தப் பாலிசியின் விளக்கத்தில் டி.எல்.எஸ். 1.0 என்று எழுதியிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். உண்மையில் எந்தப் பதிப்பு என்பதை இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் உயர்ந்த பதிப்பே தீர்மானிக்கிறது.

இரண்டாவது, 'செட் கிளையன்ட் கனெக்‌ஷன் என்கிரிப்ஷன் லெவல்'. பல இடங்களில் இதை மட்டும் 'ஹை' என்று மாற்றிவிட்டு வேலை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். இந்த அளவுகோல் ஆர்.டி.பி.யின் சொந்தக் குறியாக்கத்துக்கு உரியது: 'லோ' என்றால் கிளையன்டிலிருந்து சர்வருக்குப் போவது மட்டும் 56 பிட் திறவியால் மறைக்கப்படும், சர்வரிலிருந்து வருவது திறந்தே வரும்; 'ஹை' என்றால் இரு திசையிலும் 128 பிட். டி.எல்.எஸ். நடைமுறைக்கு வந்தபின் குறியாக்கத்தின் வலிமையை சைஃபர் சூட்டே (இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் குறியாக்க முறைகளின் தொகுப்பு) முடிவு செய்கிறது. இருந்தாலும் இதை 'ஹை' என்று வைத்துவிடுங்கள். பின்னொரு நாள் யாரோ அவசரத்தில் பாதுகாப்பு அடுக்கை நெகோஷியேட்டுக்கு மாற்றினால், அப்போது 'லோ'வில் போய் விழாமல் இது தாங்கிப் பிடிக்கும்.

மூன்றாவது, நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன், சுருக்கமாக என்.எல்.ஏ. இது இயங்கும்போது பயனர் தன் அடையாளத்தை நிரூபித்த பிறகுதான் சர்வர் அவருக்கென ஒரு செஷனை உருவாக்கும். அடையாளம் தெரியாதவருக்கு லாகின் திரையைக்கூட சர்வர் வரைந்து காட்டாது. 2019 மே மாதம் வெளிப்பட்ட ப்ளூகீப் ஓட்டையில், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே பழைய விண்டோஸ் சர்வர்களுக்குள் நுழைய முடிந்தது, என்.எல்.ஏ. இயங்கிய சர்வர்களில் தாக்குபவருக்கு முதலில் செல்லுபடியாகும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. இந்த ஒரு வேறுபாடே என்.எல்.ஏ.வைக் கட்டாயமாக்கப் போதுமானது.

ஆனால் என்.எல்.ஏ.வை இயக்கும் முன் ஒரு சிக்கலுக்கு வழி செய்தாக வேண்டும். கடவுச்சொல் காலாவதியானவரும், 'அடுத்த லாகினில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்' என்று குறியிடப்பட்ட புதிய ஊழியரும் என்.எல்.ஏ. வழியாக உள்ளே வர முடியாது, ஏனென்றால் கடவுச்சொல்லை மாற்றும் திரை செஷன் உருவான பிறகே வரும். தனிக் கணினி வைத்திருப்பவர் அதைத் தன் டொமைன் கணினியில் மாற்றிக்கொள்வார். தின் கிளையன்ட் மட்டுமே வைத்திருப்பவருக்கு வேறு வாசல் இல்லை. ஆர்.டி. வெப் ஆக்சஸில் (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வலைத்தள வாசல்) கடவுச்சொல் மாற்றும் பக்கத்தைத் திறந்து வைப்பது ஒரு வழி. காலாவதிக்கு எத்தனை நாள் முன்பிருந்து நினைவூட்ட வேண்டும் என்ற பாலிசியை 14 நாளாக வைப்பது இன்னொரு வழி. நான் இரண்டையும் சேர்த்தே செய்கிறேன்.

என்.எல்.ஏ.வுக்கு அடியில் ஓடும் கிரெட்எஸ்எஸ்பி நெறிமுறையில் 2018 இல் ஓர் ஓட்டை திருத்தப்பட்டது. அவ்வாண்டு மே மாதப் புதுப்பிப்பு திருத்தத்தைக் கட்டாயமாக்கியபோது, கிளையன்டைப் புதுப்பித்து சர்வரைப் புதுப்பிக்காத அலுவலகங்களில் இணைப்பு நின்றுபோனது. இரண்டு பக்கமும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. எல்லா முனையங்களின் ஃபெர்ம்வேரும் புதிதான பிறகு, சிஸ்டம், கிரெடென்ஷியல்ஸ் டெலிகேஷன் என்ற இடத்தில் 'என்கிரிப்ஷன் ஆரக்கிள் ரெமிடியேஷன்' பாலிசியை 'ஃபோர்ஸ் அப்டேட்டட் கிளையன்ட்ஸ்' என்று மாற்றுங்கள்; அதற்கு முன் மாற்றினால் திருத்தம் பெறாத முனையங்களை சர்வர் ஏற்காது.

டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகிய இரண்டையும் இணையப் பொறியியல் பணிக்குழு 2021 மார்ச்சில் முறைப்படி கைவிட்டுவிட்டது. விண்டோஸில் டி.எல்.எஸ்.ஸைக் கையாளும் எஸ்சேனலின் ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் அந்த இரண்டு பதிப்புகளின் சர்வர் பிரிவில் 'எனேபிள்ட்' மதிப்பை 0 ஆக்கி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அவை அணைந்துவிடும். பழைய விண்டோஸ் சர்வரில், விண்டோஸின் உள் தரவுத்தளத்தை நம்பி ஓடும் கனெக்‌ஷன் புரோக்கர் இருந்தால் எச்சரிக்கை தேவை. புரோக்கர் என்பது பயனரை உரிய செஷன் ஹோஸ்டுக்கு வழிநடத்தும் சேவை; டி.எல்.எஸ். 1.0 ஐ அணைத்ததும் புரோக்கரே எழுந்திருக்காமல் போகும்.

சான்றிதழ்

விண்டோஸ் சர்வர் தன் அடையாளத்தைக் காட்ட, தானே ஒரு சான்றிதழை உருவாக்கித் தானே கையெழுத்திட்டு வைத்துக்கொள்கிறது. அது 6 மாதம் செல்லும். முடியும்போது புதியது ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். குறியாக்கம் நடப்பதற்கு அது போதும், அடையாளத்துக்குப் போதாது. முனையத்தில் 'இந்தச் சான்றிதழை நம்பலாமா?' என்ற பெட்டி எழும். ஊழியர் 'ஆம்' என்பார். சில நாட்களில் அந்தப் பெட்டியைப் படிக்காமலே 'ஆம்' தட்டப் பழகிவிடுவார். உண்மையிலேயே வேறொருவர் இடையில் புகுந்த நாளிலும் அதே பெட்டிதான் எழும், அதே 'ஆம்'தான் தட்டப்படும்.

டொமைனில் ஆக்டிவ் டைரக்டரி சான்றிதழ் சேவை இருந்தால், கம்ப்யூட்டர் சான்றிதழ் டெம்ப்ளேட்டை நகலெடுத்து, அதன் பயன்பாட்டு நோக்கத்தில் ரிமோட் டெஸ்க்டாப் ஆதென்டிகேஷனைச் சேருங்கள். அது பட்டியலில் தயாராக இருக்காது, 1.3.6.1.4.1.311.54.1.2 என்ற அடையாள எண்ணைக் கொடுத்து நாமே உருவாக்க வேண்டும். லினக்ஸ் அடிப்படையிலான முனையங்கள் சர்வர் ஆதென்டிகேஷன் நோக்கத்தையும் எதிர்பார்க்கக்கூடும் என்பதால் அதையும் விட்டுவைப்பது நல்லது. டெம்ப்ளேட்டின் பெயரும் காட்சிப் பெயரும் இடைவெளி இல்லாத ஒரே சொல்லாக இருக்கட்டும். பிறகு முன் சொன்ன அதே செக்யூரிட்டி பிரிவில் 'சர்வர் ஆதென்டிகேஷன் சர்ட்டிஃபிகேட் டெம்ப்ளேட்' பாலிசியில் அந்தப் பெயரை எழுதினால், ஒவ்வொரு செஷன் ஹோஸ்டும் தன் சான்றிதழைத் தானே பெற்றுக்கொள்ளும், தானே புதுப்பித்துக்கொள்ளும்.

வெளியில் வாங்கும் சான்றிதழ் வேண்டுமென்றால், சர்வரின் பெயர் பொதுவெளியில் பதிவான டொமைனுக்குள் இருக்க வேண்டும். '.லோக்கல்' என்று முடியும் உள்பெயர்களுக்குப் பொதுச் சான்றளிப்பாளர்கள் 2015 நவம்பருக்குப் பிறகு சான்றிதழ் தருவதில்லை. சான்றிதழைக் கையால் ஏற்றுவதானால், அதன் தனித் திறவியை 'நெட்வொர்க் சர்வீஸ்' கணக்கு வாசிக்க அனுமதி கொடுக்க மறவாதீர்கள். அதைக் கொடுக்காத சர்வரில் எல்லா அமைப்பும் சரியாகவே தெரியும். இணைப்பு மட்டும் வராது. பல செஷன் ஹோஸ்ட்களை ஒரே பொதுப்பெயரில் முனையங்கள் அழைக்கின்றன என்றால், அந்தப் பொதுப்பெயரும் சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

முனையத்தில்

இதுவரை செய்ததெல்லாம் சர்வர் தன்னை நிரூபிக்கத் தயாராவதற்கு. அந்த நிரூபணத்தை முனையம் கேட்க வேண்டும். முதலில் உங்கள் சான்றளிப்பாளரின் ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான மூலச் சான்றிதழ்) முனையங்களின் நம்பகப் பட்டியலில் ஏற்றுங்கள். டெல்லுக்கு வைஸ் மேனேஜ்மென்ட் சூட், எச்.பி.க்கு டிவைஸ் மேனேஜர், ஐஜெலுக்கு யு.எம்.எஸ். என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ள மேலாண்மைக் கருவி வழியாக எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே முறையில் அனுப்பிவிடலாம்.

அடுத்தது சரிபார்ப்பின் கண்டிப்பு. தின்ஓ.எஸ். முனையத்தில் பாதுகாப்புக் கொள்கை 'ஃபுல்', 'வார்னிங்', 'லோ' என்று மூன்று நிலைகளில் உண்டு. 'லோ' சான்றிதழைப் பார்ப்பதே இல்லை, 'வார்னிங்' ஊழியரைக் கேட்கும், 'ஃபுல்' நம்ப முடியாத சான்றிதழைக் கண்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். நமக்கு வேண்டியது 'ஃபுல்'. லினக்ஸ் முனையங்களில் பெரும்பாலும் ஃப்ரீஆர்டிபி என்ற மென்பொருள்தான் உள்ளே வேலை செய்கிறது. அதில் சான்றிதழைப் புறக்கணிக்கும் தேர்வு எங்காவது இயக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்து அணைத்துவிடுங்கள். நிறுவிய நாளில் சோதனைக்காக இயக்கியது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் ஐ.ஓ.டி. முனையத்தில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் கிளையன்ட் பிரிவில் 'கான்ஃபிகர் சர்வர் ஆதென்டிகேஷன் ஃபார் கிளையன்ட்' பாலிசியை, அடையாளம் உறுதியாகாவிட்டால் இணைக்காதே என்ற நிலையில் வையுங்கள். அந்தப் பெட்டிகளில் யூனிஃபைட் ரைட் ஃபில்டர் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் செய்த மாற்றம் ரீஸ்டார்ட் செய்ததும் மறைந்துவிடும். ஆகவே ஃபில்டரை அணைத்து ரீஸ்டார்ட் செய்து, மாற்றத்தைச் செய்து, மீண்டும் ஃபில்டரை இயக்கி ரீஸ்டார்ட் செய்வது என்ற வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

இணைப்பில் சர்வரை ஐ.பி. முகவரியால் குறிப்பிடாதீர்கள். சான்றிதழில் இருப்பது பெயர். முகவரியால் அழைத்தால் இரண்டும் பொருந்தாது. டொமைன் பின்னொட்டோடு கூடிய முழுப்பெயரையே எழுதுங்கள்.

அடுத்ததாகக் கடிகாரம். நான் பராமரித்த ஓர் அலுவலகத்தில் தினமும் காலையில் ஜன்னலோர வரிசையில் உள்ள மூன்று முனையங்கள் மட்டும் சான்றிதழ் பிழை காட்டி நின்றன. மற்றவை நன்றாக இணைந்தன. ரூட் சான்றிதழை மீண்டும் ஏற்றினேன், ஃபெர்ம்வேரை மாற்றினேன், வலையமைப்புக் கம்பியையும் மாற்றினேன். கடைசியில் ஒரு முனையத்தின் திரை மூலையில் இருந்த தேதியைப் பார்த்தபோதுதான் விளங்கியது: அது பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. அந்த வரிசைக்கு மட்டும் இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இருந்த நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனதால் ஒவ்வொரு காலையும் கடிகாரம் பழைய நாளிலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்த நாளில் நம் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றியதோடு, நேர சர்வரின் முகவரியை டி.எச்.சி.பி.யின் (முனையங்களுக்கு வலையமைப்பு முகவரியையும் அமைப்புகளையும் தானாக வழங்கும் சேவை) ஆப்ஷன் 42 வழியாக எல்லா முனையங்களுக்கும் கொடுத்த பிறகு அந்தப் பிழை திரும்ப வரவில்லை. கெர்பரோஸ் என்ற டொமைன் அடையாளச் சரிபார்ப்பு முறையில் லாகின் செய்யும் முனையங்களுக்கு இது இன்னும் முக்கியம். இயல்பான அமைப்பில் 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் அது பொறுத்துக்கொள்ளாது.

முனையத்துக்கு அமைப்புகள் வந்து சேரும் வழியும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். பழைய தின்ஓ.எஸ். பெட்டிகள் அமைப்புக் கோப்பை எஃப்.டி.பி. வழியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உடையவை. அது வழியெல்லாம் வெறும் எழுத்தாகப் போகும். எச்.டி.டி.பி.எஸ்.க்கு மாற்றுங்கள். வைஸ் மேனேஜ்மென்ட் சூட்டை டி.எச்.சி.பி. வழியாக அறிவிக்கும்போது ஆப்ஷன் 165 சர்வரையும், 199 குழு டோக்கனையும், 167 சான்றளிப்பாளரைச் சரிபார்க்க வேண்டுமா என்பதையும் குறிக்கும். இந்த 167 ஐ ஆரம்ப வசதிக்காக 'ஃபால்ஸ்' என்று வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

செஷன் அமைப்புகள்

செஷன் விஷயத்தில் எல்லாக் குழப்பமும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததிலிருந்து வருகிறது. முனையத்தின் பவர் பட்டனை அழுத்துவது லாக் ஆஃப் ஆகாது. பெட்டி அணைகிறது, சர்வரில் அந்தப் பயனரின் செஷன், திறந்திருந்த கோப்புகளோடும் அது பிடித்துவைத்த நினைவகத்தோடும் அப்படியே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு நாற்பது பேர் பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனால், சர்வரைப் பொறுத்தவரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

'செஷன் டைம் லிமிட்ஸ்' பிரிவில் உள்ள பாலிசிகளில் முக்கியமானது துண்டிக்கப்பட்ட செஷனுக்கான காலவரம்பு. எதுவும் வைக்காவிட்டால் அந்த செஷன் வரம்பின்றி நீடிக்கும். நான் பொதுவாக 3 மணி நேரம் வைக்கிறேன். மின்வெட்டு, மதிய உணவு, வேறு மேசைக்கு மாறுவது ஆகிய எல்லாவற்றுக்கும் அது இடம் கொடுக்கும். இரவுக்குள் சர்வரும் காலியாகிவிடும். இரவு முழுதும் ஓடும் கணக்கு அறிக்கைகளை யாராவது செஷனுக்குள்ளேயே விட்டுச் செல்கிறார்களா என்று முதலில் கேட்டறிந்து, அவற்றை டாஸ்க் ஷெட்யூலருக்கு மாற்றிவிட்டுத்தான் இந்த வரம்பைப் போட வேண்டும்.

செயலற்று இருக்கும் செஷனுக்கான வரம்பு வேறு வகை. விசைப்பலகையோ மௌஸோ அசையாத நேரத்தை அது கணக்கிட்டு, முடிவதற்கு 2 நிமிடம் முன்பு எச்சரித்து, பிறகு துண்டிக்கும். கவுன்டர்களுக்கு 30 நிமிடம் பொருந்தும். அதற்கு முன்பே, 10 நிமிடத்தில், திரை பூட்டிக்கொள்ளும்படி வைப்பது இன்னும் அவசியம், ஏனென்றால் ஆள் இல்லாத திறந்த திரையின் முன் மேலே சொன்ன குறியாக்கம் எதுவும் உதவாது. 'எண்ட் செஷன் வென் டைம் லிமிட்ஸ் ஆர் ரீச்ட்' என்ற பாலிசியை மட்டும் இயக்காதீர்கள். அது துண்டிப்பதற்குப் பதில் செஷனையே முடித்துவிடும். அரைமணி நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவரின் சேமிக்காத கடிதம் போய்விடும். செயலற்றவரைத் துண்டிப்பது, துண்டிக்கப்பட்டவரை நீண்ட நேரம் கழித்து முடிப்பது என்ற இரண்டு படிகளே வேலை செய்பவருக்கும் சர்வருக்கும் நியாயமானவை.

கம்பி திடீரென்று பிடுங்கப்பட்டாலோ ஸ்விட்ச் அணைந்தாலோ, கிளையன்ட் போய்விட்டது என்பது சர்வருக்கு உடனே தெரியாமல், செஷன் 'ஆக்டிவ்' என்றே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். 'கனெக்‌ஷன்ஸ்' பிரிவில் 'கீப் அலைவ்' இடைவெளியை 1 நிமிடம் என்று வைத்தால் சர்வர் அதைக் கண்டுபிடித்து 'டிஸ்கனெக்டட்' நிலைக்கு மாற்றிவிடும். காலவரம்பும் அப்போதிருந்து ஓடத் தொடங்கும். அதே பிரிவில் ஒருவருக்கு ஒரே செஷன் என்ற கட்டுப்பாட்டையும் இயக்குங்கள். அது இருந்தால்தான் காலையில் முன்மேசையில் விட்ட வேலையை மதியம் பின்மேசையில் அதே இடத்திலிருந்து தொடர முடியும். அது தின் கிளையன்டின் மிகச் சிறந்த வசதி என்பேன். இந்த வரம்புகள் கலெக்‌ஷனின் அமைப்பிலும் (கலெக்ஷன் என்பது செஷன் ஹோஸ்ட்களின் குழு) இருக்கும், பயனர் பாலிசியிலும் கம்ப்யூட்டர் பாலிசியிலும் இருக்கும். மோதும்போது கம்ப்யூட்டர் பாலிசியே வெல்லும்.

முனையத்தில் செருகும் டிரைவை செஷனுக்குள் காட்டும் டிரைவ் திசைமாற்றத்தையும், தேவையில்லாத இடங்களில் கிளிப்போர்டையும் 'டிவைஸ் அண்ட் ரிசோர்ஸ் ரீடைரக்‌ஷன்' பிரிவில் அணைத்துவிடுங்கள். பிரிண்டரை விட்டுவைக்கலாம்.

சரிபார்ப்பு

பாலிசியைப் புதுப்பித்த பின், முனையத்தில் வேண்டுமென்றே சர்வரின் ஐ.பி. முகவரியைப் போட்டு இணைத்துப் பாருங்கள். முனையம் மறுக்க வேண்டும். மறுக்காமல் உள்ளே விட்டால், சான்றிதழ்ச் சரிபார்ப்பு எங்கோ அணைந்திருக்கிறது. சர்வர் பக்கத்தில், என்மேப் என்ற வலையமைப்பு ஸ்கேன் கருவியோடு வரும் ஆர்.டி.பி. குறியாக்க ஸ்கிரிப்டை ஓட்டினால், பழைய அடுக்கை சர்வர் இன்னும் ஏற்கிறதா என்பது தெரிந்துவிடும். நிகழ்வுப் பதிவில் எஸ்சேனலின் 36874 என்ற நிகழ்வு எண் தென்பட்டால், முனையமும் சர்வரும் ஒத்துக்கொள்ளும் சைஃபர் சூட் ஒன்றுகூட இல்லை என்று பொருள். செஷன்களைப் பொறுத்தவரை லோக்கல் செஷன் மேனேஜரின் பதிவில் 21 லாகினையும், 23 லாக் ஆஃபையும், 24 துண்டிப்பையும், 25 மறு இணைப்பையும் குறிக்கும். ஒரு மாலையில் 24 க்குப் பின் 3 மணி நேரம் கழித்து 23 வருகிறதா என்று பார்த்தால் காலவரம்பு வேலை செய்வது உறுதியாகும்.

சோதனை முனையங்கள் ஒரு வாரம் சிக்கலின்றி ஓடிய பிறகு, மாடல் வாரியாக மற்றவற்றுக்கு விரியுங்கள். டி.எல்.எஸ். 1.2 பேசவே தெரியாத, ஃபெர்ம்வேர் புதுப்பிப்பு நின்றுபோன பழைய பெட்டி ஒன்றிரண்டு நிச்சயம் தட்டுப்படும். அவற்றுக்காக சர்வரின் அமைப்பைத் தளர்த்தாமல், அந்த மேசைகளுக்கு வேறு பெட்டி வாங்கும் வரை அங்கு அமர்பவர்களை வேறு முனையத்துக்கு மாற்றி வையுங்கள்.